புதிய கேமிங் கணினிக்கு பிராசஸரும் மதர்போர்டும்: எந்த வரிசையில் முடிவெடுப்பது?

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர் பக்கத்துப் பையன்கள் கணினி வாங்கக் கிளம்பும்போது கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "அண்ணா, ரைசனா, இன்டெல்லா?" (ரைசன் என்பது ஏஎம்டி நிறுவனத்தின் பிராசஸர்.) தமிழ்க் காணொளி ஒன்று ஒரு பெயரைச் சொல்லியிருக்கும், மலையாளக் காணொளி இன்னொன்றைச் சொல்லியிருக்கும். இரண்டையும் பார்த்துவிட்டுக் கோவை பஸ் ஏறிவிடுகிறார்கள். கடைக்காரர் மூன்றாவதாக ஒன்றைக் காட்டியதும் குழப்பம் முழுமையாகிறது.

அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் உண்டு. ஆனால் அதற்கு முன் முடிவு செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். வரிசை மாறும்போதுதான் பணம் வீணாகிறது.

1. கிளம்பும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்

எந்தெந்த விளையாட்டுகள் என்று பெயரோடு எழுதுங்கள். "எல்லா கேமும் ஓட வேண்டும்" என்று மட்டும் சொன்னால் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. வாலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 ஆடுபவருக்கும் சைபர்பங்க் 2077 ஆடுபவருக்கும் தேவைப்படும் கணினிகள் வேறு வேறு.

அடுத்து மானிட்டர். ஏற்கெனவே இருந்தால் அதன் தெளிவுத்திறனையும் ரிஃப்ரெஷ் ரேட்டையும் (திரை நொடிக்கு எத்தனை முறை படத்தை மாற்றும் என்ற எண்) பார்த்து எழுதுங்கள்: 1080பி 60 ஹெர்ட்ஸா, 1080பி 144 ஹெர்ட்ஸா, 1440பி 180 ஹெர்ட்ஸா? புதிதாக வாங்கப்போகிறீர்கள் என்றால் அதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். மானிட்டர் தெரியாமல் பிராசஸரைத் தேர்ந்தெடுக்க முடியாது. காரணம் மூன்றாம் படியில் வருகிறது.

பிறகு மொத்தத் தொகை. இதில் யுபிஎஸ், கேபினெட், எஸ்எம்பிஎஸ், எஸ்எஸ்டி, கீபோர்டு, மவுஸ், விண்டோஸ் எல்லாம் அடங்க வேண்டும். வீட்டில் சொன்ன தொகை முழுவதையும் பிராசஸர், போர்டு, கிராபிக்ஸ் கார்டு மூன்றுக்கே பிரித்துவிட்டு, கடைசியில் கிடைத்த விலைக்கு ஒரு எஸ்எம்பிஎஸ் வாங்கி மாட்டுவதை அடிக்கடி பார்க்கிறேன். மற்ற எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தருவது அதுதான். அங்கே மிச்சம் பிடிக்காதீர்கள்.

கடைசியாக, இந்தக் கணினிக்கு அடுத்து எப்போது பணம் போட முடியும் என்றும் எழுதுங்கள். இரண்டு, மூன்று ஆண்டுகளில் வேலைக்குப் போய்ச் செலவழிக்கக்கூடிய கல்லூரி மாணவருக்கும், இதை வைத்தே ஏழெட்டு ஆண்டு ஓட்டப்போகும் குடும்பத்துக்கும் ஒரே போர்டைச் சொல்ல முடியாது.

2. கிராபிக்ஸ் கார்டுக்கான பணத்தை முதலில் ஒதுக்குங்கள்

பிராசஸர் வழிகாட்டியில் கிராபிக்ஸ் கார்டு ஏன் முன்னால் வருகிறது? படத்தின் தரத்தையும் வேகத்தையும் பெரும்பாலான விளையாட்டுகளில் முடிவு செய்வது அதுதான். முக்கியமாக விளையாட்டுக்கே பயன்படும் கணினியில், மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை கார்டுக்குப் போக வேண்டும் என்பது என் கணக்கு. மிஞ்சுவதில்தான் பிராசஸர், போர்டு, ரேம் மூன்றும்.

விலையுயர்ந்த எட்டு கோர் (கோர் என்பது உள்ளே தனித்தனியாகக் கணக்கிடும் பகுதி) பிராசஸரை வாங்கிவிட்டு, பணம் போதாமல் மட்டமான கார்டைப் போட்டால் விளையாட்டில் மந்தம் அப்படியே இருக்கும். ஆறு கோர் பிராசஸரும் ஒரு படி மேலான கார்டும் அதே பணத்தில் நல்ல பலன் தரும்.

3. உங்கள் விளையாட்டு எதைக் கேட்கிறது என்று பாருங்கள்

ஒவ்வொரு ஃபிரேமுக்கும் (திரையில் அடுத்தடுத்து வரும் படம் ஒவ்வொன்றும் ஒரு ஃபிரேம்) இரண்டு வேலைகள் நடக்கின்றன. எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே போகிறது, எதை வரைய வேண்டும் என்று பிராசஸர் கணக்கிடுகிறது. அதைக் கிராபிக்ஸ் கார்டு வரைகிறது. நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் 16.7 மில்லிநொடி இருக்கிறது. 144 ஃபிரேம் என்றால் 6.9 மில்லிநொடிதான்.

ரிஃப்ரெஷ் ரேட் கூடக் கூட பிராசஸரின் மேல் சுமை ஏறும். தெளிவுத்திறன் கூடினால் சுமை ஏறுவது பெரும்பாலும் கார்டின் மேல். ஆகவே 1080பி 240 ஹெர்ட்ஸ் மானிட்டரில் கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆடுபவருக்கு பிராசஸர் முக்கியம். 1440பி திரையில் கதை விளையாட்டுகளை நிதானமாக ஆடுபவருக்கு நடுத்தர பிராசஸர் போதும்.

கையில் பழைய கணினி இருந்தால், அல்லது நண்பர் வீட்டில் ஆட முடிந்தால், ஒரு சோதனை செய்து பாருங்கள். விளையாட்டின் தெளிவுத்திறனை 720பி-க்கு இறக்குங்கள். ஃபிரேம் எண்ணிக்கை நன்றாக ஏறினால் அதுவரை கார்டுதான் தடையாக இருந்தது. ஏறவே இல்லை என்றால் தடை பிராசஸரில். இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல் ஊகத்தில் வாங்குகிறவர்களே அதிகம்.

நகரம் கட்டும் விளையாட்டுகள், பெரிய வியூக விளையாட்டுகள், விமானம் ஓட்டும் சிமுலேட்டர்கள் ஆகியவை பிராசஸரைக் கடுமையாக வேலை வாங்குபவை. இவை உங்கள் தாளில் இருந்தால் பக்கத்தில் ஒரு குறி போட்டு வையுங்கள்.

4. சாக்கெட்டை முடிவு செய்யுங்கள்

இந்த வழிகாட்டியின் மையம் இந்தப் படிதான். சாக்கெட் என்பது மதர்போர்டில் பிராசஸர் உட்காரும் இடம். அதை முடிவு செய்ததும் ரேம் வகை, கூலர் மாட்டும் முறை, பின்னாளில் போடக்கூடிய பிராசஸர்கள் எல்லாமே முடிவாகிவிடுகின்றன. பிராசஸரை மட்டும் மாற்றுவது அரை மணி நேர வேலை. போர்டை மாற்றுவதென்றால் கணினி முழுவதையும் கழற்றிக் கட்ட வேண்டும். பெரும்பாலும் ரேமும் சேர்ந்து மாறும், விண்டோஸ் உரிமத்தையும் மறுபடி இயக்க வேண்டியிருக்கும். அதனால் நான் எப்போதும் கேட்பது, நான்கு ஆண்டு கழித்து இதே போர்டில் எந்த பிராசஸரைப் போட முடியும் என்பதைத்தான்.

இன்று கடைகளில் நான்கு வழிகள் இருக்கின்றன.

*ஏஎம்5.* ஏஎம்டி 2022 செப்டம்பரில் கொண்டுவந்தது. டிடிஆர்5 ரேம் மட்டும் (டிடிஆர்4-க்கு அடுத்த தலைமுறை ரேம்). ரைசன் 7000, 8000, 9000 வரிசைகள் இதில் வந்திருக்கின்றன. 2027-ஐத் தாண்டியும் இந்த சாக்கெட்டுக்கு ஆதரவு தொடரும் என்று நிறுவனம் அறிவித்திருக்கிறது. அந்த வாக்கை நான் நம்புவதற்குக் காரணம் இதற்கு முந்தைய ஏஎம்4. 2017-இல் வந்த பி350 போர்டுகளில், பயாஸைப் (போர்டைத் தொடங்கி வைக்கும் உள் மென்பொருள்) புதுப்பித்த பின், 2022-இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி ஓடியது. போர்டு, ரேம், கேபினெட் எதையும் தொடாமல் ஐந்து ஆண்டு முன்னே குதித்தார்கள் அந்தப் போர்டை வைத்திருந்தவர்கள்.

*ஏஎம்4.* டிடிஆர்4. இது முடிந்த வரிசை. வீட்டில் ஏற்கெனவே ஏஎம்4 போர்டு இருந்தால் புதுக் கணினி என்ற எண்ணத்தையே கொஞ்சம் தள்ளிவையுங்கள். ஒரு ரைசன் 5 5600 அல்லது ரைசன் 7 5700எக்ஸ் போட்டு, மிச்சப் பணத்தைக் கார்டுக்குக் கொடுங்கள். எதுவுமே இல்லாமல் தொடங்குபவர், பணம் உண்மையிலேயே இறுக்கமாக இருந்தால் மட்டும் இந்தப் பக்கம் பார்க்கலாம்.

*எல்ஜிஏ1700.* இன்டெல்லின் 12, 13, 14-ஆம் தலைமுறைகள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒரே சிப்செட் (போர்டின் வசதிகளை முடிவு செய்யும் சில்லு, பி760 போல) பெயரில் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. மாற்றி வாங்கினால் ரேம் பொருந்தாது, ஏனென்றால் இரண்டிலும் வெட்டு இருக்கும் இடம் வேறு. போர்டின் முழுப் பெயரில் டி4 என்றோ டிடிஆர்4 என்றோ இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். குறைந்த விலையில் கோர் ஐ5-12400எஃப் இன்றும் நல்ல பிராசஸர்தான். இந்த சாக்கெட்டுக்கு இனி புதிதாகப் பெரிதாக எதையும் எதிர்பார்க்க முடியாது. ஆனால் 14-ஆம் தலைமுறை வரை மேலே போக இடம் உண்டு.

13, 14-ஆம் தலைமுறை வாங்குவோருக்கு ஒரு எச்சரிக்கை. அவற்றின் மேசைக்கணினி பிராசஸர்கள் பலவற்றில், தேவைக்கு மேல் வோல்டேஜ் ஏறிச் சில்லு தேய்ந்து, விளையாட்டு நடுவில் நின்றுபோகும் கோளாறு இருந்தது. 2024-இல் இன்டெல் இதை ஒப்புக்கொண்டு உத்தரவாதத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டியது. அந்த ஆண்டு செப்டம்பரில் 0எக்ஸ்12பி என்ற திருத்தத்தையும் வெளியிட்டது. புதிதாக வாங்கினால் அந்தத் திருத்தம் உள்ள பயாஸைப் போட்ட பிறகே விளையாடத் தொடங்குங்கள். ஏற்கெனவே தேய்ந்த சில்லை எந்தத் திருத்தமும் சரிசெய்யாது. அதனால் இந்தத் தலைமுறை ஐ7, ஐ9 பிராசஸர்களைப் பழையதாக வாங்கவே வேண்டாம். 12-ஆம் தலைமுறையில் இந்தச் சிக்கல் இல்லை.

*எல்ஜிஏ1851.* 2024 அக்டோபரில் கோர் அல்ட்ரா 200எஸ் வரிசையோடு வந்தது. டிடிஆர்5 மட்டும். வீடியோ எடிட்டிங், நிரல் தொகுப்பு போன்ற வேலைகளுக்கு நன்றாக உழைக்கும். விளையாட்டில், வெளிவந்தபோது இன்டெல்லின் சொந்த 14-ஆம் தலைமுறையையே பல இடங்களில் எட்டிப் பிடிக்கவில்லை. வேலை பாதி, விளையாட்டு பாதி என்பவர் விலை குறைவாகக் கிடைத்தால் எடுக்கலாம்.

என் தீர்ப்பு: கையில் எந்தப் பாகமும் இல்லாமல் புதிதாகத் தொடங்குபவருக்கு ஏஎம்5. அதை மாற்ற எனக்கு வலுவான காரணம் வேண்டும். அப்படி ஒரு காரணம் இப்போது வந்திருக்கிறது. 2025-இன் கடைசி மாதங்களில் இருந்து ரேம் விலை கடுமையாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டு போவதுதான் இதற்குக் காரணம். நல்ல 16 ஜிபி டிடிஆர்4 ரேம் வீட்டில் இருந்தால் அதற்கு இப்போது மதிப்பு அதிகம். அப்படி வைத்திருப்பவர்கள் டிடிஆர்4 ஏற்கும் எல்ஜிஏ1700 போர்டையும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

5. இப்போது பிராசஸர், பெயரின் கடைசி எழுத்தைப் படியுங்கள்

பெயரின் வால்தான் பலரை ஏமாற்றுகிறது.

எஃப் என்று முடிந்தால் பிராசஸருக்குள் கிராபிக்ஸ் இல்லை. விலை கொஞ்சம் குறையும். ஆனால் கிராபிக்ஸ் கார்டு பழுதாகி உத்தரவாதத்துக்குப் போனால் அது திரும்பும் வரை திரையில் ஒன்றும் வராது. நம் பக்கத்தில் இருந்து சர்வீஸ் மையத்துக்கு எல்லை தாண்டிப் போய்வர வேண்டியிருக்கும், கார்டு வாரக்கணக்கில் அங்கே கிடக்கலாம். அதனால் விலை வித்தியாசம் சிறிதாக இருந்தால் ரைசன் 5 7500எஃப்-ஐ விட ரைசன் 5 7600-ஐ எடுக்கச் சொல்கிறேன். 7600-இல் எளிய கிராபிக்ஸ் உள்ளேயே இருப்பதால் படிப்பும் அன்றாட வேலையும் நிற்காது.

இன்டெல்லில் கே என்றால் வேகத்தை நாமே கூட்டலாம், ஆனால் அதற்கு இசட் சிப்செட் போர்டு வேண்டும். பி760 போர்டில் கே பிராசஸர் ஓடும், கூட்டும் வசதி மட்டும் கிடைக்காது. புதியவர்கள் இதற்காகப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை.

எக்ஸ்3டி என்றால் சில்லோடு கூடுதலாக அடுக்கிய கேஷ் நினைவகம். ரைசன் 7 7800எக்ஸ்3டி, 9800எக்ஸ்3டி இரண்டிலும் 96 எம்பி எல்3 கேஷ் இருக்கிறது. 7600-இல் இருப்பது 32 எம்பி. விளையாட்டுக்கு அடிக்கடி தேவைப்படும் தகவல் பிராசஸரின் அருகிலேயே இருப்பதால் ரேம் வரை போய்வரும் நேரம் மிச்சமாகிறது. மூன்றாம் படியில் குறி போட்ட விளையாட்டுகளுக்கும் அதிக ஹெர்ட்ஸ் மானிட்டருக்கும் இது நன்றாகப் பயன்படும். 1440பி 60 ஹெர்ட்ஸில் கதை விளையாட்டு ஆடுபவருக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படாது.

எண்கள் அருகருகே இருப்பதை வைத்துத் திறனும் அருகருகே இருக்கும் என்று நினைக்காதீர்கள். ரைசன் 5 5600-இல் 32 எம்பி கேஷும் பிசிஐஇ 4.0-உம் (கார்டுக்கும் பிராசஸருக்கும் இடையிலான பாதையின் தலைமுறை) உண்டு. 5500-இல் 16 எம்பி கேஷ், பிசிஐஇ 3.0. இரண்டுக்கும் ஆறு கோர்தான், பெயரில் ஒரு நூறுதான் வித்தியாசம், ஆனால் உள்ளே இருப்பது வேறு சில்லு. ஏஎம்5-இல் ரைசன் 5 8400எஃப் அதே மாதிரி. 8000 என்று தொடங்குவதால் 7600-க்கு மேல் என்று எண்ணி வாங்கிவிடுகிறார்கள். அதில் கேஷ் 16 எம்பி, கார்டுக்கான பாதைகளும் எட்டுதான்.

இன்றைய விளையாட்டுகளுக்கு ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட் (ஒரே நேரத்தில் நடத்தக்கூடிய வேலைவரிசை) போதுமான தொடக்கம். நான்கு கோர் உள்ள ஐ3-12100எஃப்-ஐ மிகச் சிறிய பட்ஜெட்டுக்கு மட்டும், பின்னால் மாற்றப்போகிறோம் என்ற முடிவோடு எடுங்கள்.

6. சிப்செட்டும் போர்டும்

ஏஎம்5-இல் பெரும்பாலோருக்கு பி650 அல்லது பி850 சரியாக இருக்கும். ஏ620 போர்டிலும் 7600 நன்றாக ஓடும். ஆனால் மலிவான ஏ620 போர்டுகள் சிலவற்றின் மின்பகுதி 65 வாட் பிராசஸர்களை மனதில் வைத்தே செய்யப்பட்டது. நான்கு ஆண்டு கழித்து பெரிய பிராசஸர் போடுவதற்காகத்தானே ஏஎம்5-க்கு வந்தோம்? இங்கே கொஞ்சம் மிச்சம் பிடித்தால் அந்தக் கதவு மூடிக்கொள்கிறது. எக்ஸ்870 போர்டில் யுஎஸ்பி4 கட்டாயம், கார்டுக்கு பிசிஐஇ 5.0-உம் உண்டு. இவற்றால் விளையாட்டில் ஃபிரேம் கூடாது.

எல்ஜிஏ1700-இல் எச்610 போர்டில் ரேம் துளைகள் இரண்டு, ரேம் வேகத்தைக் கூட்ட முடியாது. பி660, பி760-இல் முடியும். விலை வித்தியாசம் தாங்கக்கூடியதாக இருந்தால் பி760 எடுங்கள்.

போர்டைக் கையில் எடுத்தால் விஆர்எம்-ஐப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ் தரும் 12 வோல்ட்டைப் பிராசஸருக்கு ஏற்ற ஒரு வோல்ட்டுக்கு அருகில் இறக்கித் தரும் பகுதி அது. பிராசஸர் சாக்கெட்டின் இடப்புறமும் மேற்புறமும் இருக்கும். அதன் மேல் கனமான உலோக ஹீட்சிங்க் இருக்க வேண்டும். பெட்டியில் அச்சிட்ட வாட்டை மட்டும் நம்பாதீர்கள். 65 வாட் என்று எழுதியுள்ள 7600 சுமையில் 88 வாட் வரை எடுக்கும், ஐ5-12400எஃப் 117 வாட் வரை எடுக்கும். 120 வாட் 9800எக்ஸ்3டி 162 வாட் வரை போகும். ஹீட்சிங்க் இல்லாத போர்டில் விஆர்எம் சூடேறினால் பிராசஸர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போது பழி பிராசஸர் மேல் விழும்.

கார்டுக்கான பிசிஐஇ பாதையையும் கவனியுங்கள். ஆர்டிஎக்ஸ் 4060, 5060 டிஐ, ஆர்எக்ஸ் 7600 போன்ற கார்டுகள் எட்டுப் பாதைகளையே பயன்படுத்துபவை. பிசிஐஇ 3.0 உள்ள பழைய போர்டில் போட்டால் கிடைக்கும் அகலம் பாதியாகும். கார்டின் 8 ஜிபி நினைவகம் நிரம்பும்போது இந்தக் குறை தடுமாற்றமாகத் தெரியும். ஏ520 போர்டு வாங்குவோர் இதை மறந்துவிடுகிறார்கள். பி550 எடுத்து, 5600 போன்ற பிசிஐஇ 4.0 பிராசஸரைப் போட்டால் இந்தக் கவலை இல்லை.

மற்றபடி இரண்டு எம்.2 துளை (எஸ்எஸ்டி பொருத்தும் இடம்), நான்கு ரேம் துளை, தேவையானால் வைஃபை. விளக்குகளுக்கும் பெரிய பெயருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

7. பயாஸ் பொருந்துமா என்று வாங்கும் முன் பாருங்கள்

சாக்கெட் பொருந்தினால் மட்டும் போதாது. போர்டில் உள்ள பயாஸ் அந்தப் பிராசஸரை அறிந்திருக்க வேண்டும். நெடுநாள் கடையில் இருந்த பி650 போர்டில் ரைசன் 9000 வரிசையைப் போட்டால் திரை இருட்டாகவே இருக்கலாம். எதுவும் பழுதில்லை, பயாஸ்தான் பழையது.

போர்டு நிறுவனத்தின் தளத்தில் அந்தப் போர்டுக்கான பிராசஸர் ஆதரவுப் பட்டியல் இருக்கும். ஒவ்வொரு பிராசஸருக்கும் எந்தப் பயாஸ் பதிப்பு முதல் என்று அதில் எழுதியிருப்பார்கள். பதிப்பு எண் பல போர்டுகளின் பெட்டியிலேயே ஒட்டியிருக்கும். ஒப்பிட்டுப் பாருங்கள்.

பின்புறம் பயாஸ் ஃபிளாஷ்பேக் பொத்தான் உள்ள போர்டை எடுப்பது நல்லது. பிராசஸர் இல்லாமலே, ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவ் ஒன்றைக் கொண்டு புதுப்பிக்கலாம். கோப்பின் பெயரை கையேட்டில் சொன்னபடி மாற்ற வேண்டும், பென் டிரைவை அதற்கென்று குறியிட்ட துளையில்தான் செருக வேண்டும். இந்த இரண்டையும் விட்டுவிட்டு "வேலை செய்யவில்லை" என்று போர்டைத் திருப்பிக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. பொத்தான் இல்லாத போர்டு என்றால் கடையிலேயே புதுப்பித்துத் தரச் சொல்லி, அதைப் பார்த்த பின் பணம் கொடுங்கள்.

8. ரேம்

இரண்டு குச்சியாக வாங்குங்கள். ஒரே குச்சி போட்டால் பிராசஸருக்கும் ரேமுக்கும் இடையே ஒரு சேனல்தான் ஓடும், விளையாட்டில் ஃபிரேம் இறங்கும். நான்கு குச்சி போட்டால் டிடிஆர்5-இல் வேகத்தைக் குறைக்க வேண்டிவரும். ஏஎம்5-க்கு 6000 வேகம், சிஎல்30 (சிஎல் என்பது தாமத அளவு, எண் குறைந்தால் நல்லது) என்பது நன்கு பொருந்தும் அளவு. விலை அதிகமாக இருந்தால் சிஎல்36 எடுங்கள், வித்தியாசம் சிறிது.

9. மூன்றையும் சேர்த்து விலை கேளுங்கள்

பிராசஸர் விலையைத் தனியாக ஒப்பிடுவதால்தான் முடிவு தவறுகிறது. ஒரு பிராசஸர் மலிவாக இருக்கும், அதற்கான போர்டு விலை அதைச் சாப்பிட்டுவிடும். "பிராசஸர், போர்டு, ரேம் மூன்றும் சேர்த்து எவ்வளவு?" என்று இரண்டு தொகுப்புகளுக்கு எழுதி வாங்குங்கள். கோவை காந்திபுரம் பக்கத்துக் கடைகள், பாலக்காட்டு நகரக் கடைகள், ஆன்லைன் மூன்றிலும் கேளுங்கள். ஜிஎஸ்டி எங்கே வாங்கினாலும் 18 சதவீதம்தான். எல்லை தாண்டினால் வரி குறையும் என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

நீங்கள் கேட்ட போர்டு இல்லை என்று வேறு போர்டை நீட்டினால் அங்கேயே சரி சொல்லாதீர்கள். வெளியே வந்து ஒரு தேநீர் குடித்துக்கொண்டே, ஆறாம் ஏழாம் படிகளை அந்தப் போர்டுக்குச் செய்து பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

பில்லில் பாகங்களின் சீரியல் எண் இருக்க வேண்டும். பெட்டியில் சீல் இட்டு வரும் பிராசஸருக்குப் பொதுவாக நிறுவனத்தின் மூன்று ஆண்டு உத்தரவாதம் உண்டு. ட்ரே என்று பெட்டியில்லாமல் விற்கப்படுவதற்கு விற்பவர் தரும் உத்தரவாதம்தான். எவ்வளவு காலம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

10. நம் ஊர் வெயில், காற்று, இடி

கூலரால் பிராசஸரை அறையின் காற்றைவிடக் குளிர்ச்சியாக்க முடியாது. அறை பத்து டிகிரி ஏறினால் பிராசஸரும் ஏறக்குறைய அதே அளவு ஏறும். மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊரில், குளிர்நாட்டுச் சோதனை அறையில் எடுத்த எண்களை அப்படியே நம்பக் கூடாது. 7600-உடன் வரும் சிறிய கூலர் வேலை செய்யும், ஆனால் சத்தம் போடும். செப்புக் குழாய்கள் உள்ள எளிய டவர் கூலர் ஒன்றுக்குப் பணம் ஒதுக்குங்கள். 7600எக்ஸ், 9600எக்ஸ், எக்ஸ்3டி வகைகளுடன் கூலரே வராது. இது தெரியாமல் வீடு வந்து சேர்ந்து மறுபடி கோவைக்குப் பஸ் ஏறுகிறார்கள்.

மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தூசியை அள்ளிக்கொண்டு வரும். முன்புறம் வலை ஃபில்டர் உள்ள கேபினெட் எடுத்து, அந்தக் காலத்தில் மாதம் ஒருமுறை கழற்றித் தட்டுங்கள்.

சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடி. மின்கம்பியை எல்லாரும் பிடுங்குகிறார்கள், லேன் (இணைய) கம்பியை விட்டுவிடுகிறார்கள். இடியின் மின்னெழுச்சி அந்தக் கம்பி வழியாக வந்து போர்டின் லேன் துளையைக் கருக்கிவிடும். கருகிய போர்டை உத்தரவாதத்தில் ஏற்க மாட்டார்கள். இரண்டையும் பிடுங்குங்கள். வைஃபை உள்ள போர்டை நம் பக்கத்துக்கு நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். தோட்டத்து மோட்டார் ஓடும்போது வோல்டேஜ் இறங்கும் வீடுகளில் யுபிஎஸ் கட்டாயம்.

11. மாட்டுவது, முதல் முறை இயக்குவது

கேபினெட்டுக்குள் வைக்கும் முன், போர்டை அதன் அட்டைப்பெட்டி மேல் வைத்து பிராசஸர், ரேம், கூலர், எஸ்எம்பிஎஸ் மட்டும் இணைத்து இயக்கிப் பாருங்கள். கோளாறு இருந்தால் இங்கேயே தெரியும், முழுதாகக் கட்டிய பின் கழற்ற வேண்டியதில்லை.

ஏஎம்5, எல்ஜிஏ சாக்கெட்டுகளில் ஊசிகள் போர்டில் இருக்கின்றன. பிராசஸரில் உள்ள முக்கோணக் குறியைச் சாக்கெட்டில் உள்ள குறியோடு பொருத்தி, அழுத்தாமல் வையுங்கள். நெம்புகோலை மூடும்போது பிளாஸ்டிக் மூடி தானே கழன்று வரும். அதைத் தூக்கிப் போடாதீர்கள், போர்டை உத்தரவாதத்துக்குக் கொடுக்கும்போது கேட்பார்கள். ஏஎம்4-இல் ஊசிகள் பிராசஸரில் உள்ளன. பழைய கூலரை நேராக இழுத்தால் பிராசஸரும் ஒட்டிக்கொண்டு வந்து ஊசி வளையும். கணினியைச் சிறிது நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, கூலரைத் திருகி எடுங்கள்.

ரேம் குச்சிகளை, பிராசஸரில் இருந்து எண்ணினால் இரண்டாம், நான்காம் துளைகளில் போடுங்கள். பிராசஸருக்கான எட்டு ஊசி மின்கம்பியைப் போர்டின் மேல் இடது மூலையில் செருகுங்கள். விசிறிகள் சுற்றியும் திரையில் ஒன்றும் வராத கணினிகளில் இது செருகப்படாததே அடிக்கடி காரணம். மானிட்டர் கம்பியைக் கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள், போர்டில் அல்ல.

டிடிஆர்5 போர்டை முதன்முதலில் இயக்கும்போது அது ரேமோடு பழகிக்கொள்ளச் சில நிமிடம் எடுக்கும். அதுவரை திரை கறுப்பு. இந்த நேரத்தில் பயந்துபோய் அணைத்து அணைத்துப் போடுகிறார்கள், ஒவ்வொரு முறையும் பழக்கம் முதலில் இருந்து தொடங்கும். பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருங்கள்.

திரை வந்ததும் பயாஸுக்குள் போய் வரிசையாகச் செய்யுங்கள். முதலில் பயாஸைப் புதுப்பித்தல். அடுத்து ஏஎம்டி போர்டில் எக்ஸ்போ, இன்டெல்லில் எக்ஸ்எம்பி. இதைப் போடாவிட்டால் 6000 வேகத்துக்குப் பணம் கொடுத்த ரேம் 4800 அல்லது 5600 வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். பிறகு செக்யூர் பூட்டும் டிபிஎம்-உம் (இரண்டும் பாதுகாப்பு வசதிகள்) இயங்குகின்றனவா என்று பார்த்துவிட்டு விண்டோஸ் 11 நிறுவுங்கள். வாலரன்ட் இந்த இரண்டும் இல்லாமல் விண்டோஸ் 11-இல் திறக்காது.

கடைசி வேலை சோதனை. கடை மாற்றித் தரும் நாட்கள் எத்தனை என்று பில்லில் பாருங்கள். அதற்குள் உங்கள் தாளில் எழுதிய விளையாட்டுகளை, பகல் வெயில் உச்சத்தில் இருக்கும்போது, தொடர்ந்து இரண்டு மணி நேரம் ஆடிப் பாருங்கள். பிராசஸர் வெப்பநிலையையும் வேகத்தையும் காட்டும் இலவச மென்பொருள் ஒன்று பக்கத்தில் ஓடட்டும். வேகம் படிப்படியாக இறங்கினால் கூலர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, அடியில் உள்ள பிளாஸ்டிக் தாள் உரிக்கப்பட்டதா என்று முதலில் பாருங்கள். திடீரென்று நின்றுபோனால் எக்ஸ்போவை அணைத்து மறுபடி ஆடுங்கள். அப்போது நிற்காவிட்டால் ரேமையும், அப்போதும் நின்றால் எஸ்எம்பிஎஸ், போர்டு என்ற வரிசையிலும் சோதித்து, நாள் முடியும் முன் பில்லோடு கடைக்குப் போங்கள்.